தோளில் தெரிவதும் இடுப்பில் தெரியாததும்: சீட் பெல்ட் சட்டம் பற்றிய ஒரு மீள்பார்வை

மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 38, ஒத்தக்கடையைத் தாண்டியதும் வயல்வெளிக்குள் இறங்குகிறது. வழியில் சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடி, அடுத்து மேலூர், அதற்கப்பால் கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி. மேலூர்க்காரர்களுக்கு மதுரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்கு, ஜவுளி எடுக்க, பிள்ளையைக் கல்லூரியில் விட என்று காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற தூரம். இதை யாரும் பிரயாணம் என்று சொல்வதில்லை, 'டவுனுக்குப் போய்ட்டு வர்றோம்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சாலை நான்கு வழிச் சாலை. அதில் கார்கள் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. பக்கத்து ஊருக்குப் போகிற மனநிலையும் நெடுஞ்சாலை வேகமும் ஒரே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

சீட் பெல்ட் பற்றி உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு கேள்விகளைக் கேட்டு வந்திருக்கிறது. தன் உடலைத் தானே காத்துக்கொள்ளும்படி ஒருவரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமா என்பது ஒன்று. கட்டாயப்படுத்தினால் சாவு உண்மையிலேயே குறையுமா என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. பெல்ட்டை 'அணிவது' என்று சட்டம் சொல்கிறதே, உடம்பில் அது எங்கே, எப்படி அமர்ந்தால் அணிந்ததாகும்? முதல் இரண்டுக்கும் கிடைத்த கவனம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கவில்லை என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. நம் பக்கத்துச் சாலைகளைப் பொறுத்தவரை அதுவே மிக அவசரமான கேள்வியாகவும் படுகிறது.

பட்டை வந்த வழி

வண்டியில் ஆளைக் கட்டிவைக்கும் எண்ணம் கிட்டத்தட்ட காரின் வயதுடையது. 1885இல் அமெரிக்காவில் எட்வர்ட் கிளாகார்ன் என்பவர் பாதுகாப்புப் பட்டை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு விமானிகள் பட்டை கட்டிக்கொண்டார்கள். தலைகீழாகப் பறக்கும்போது விழாமல் இருப்பதுதான் அப்போதைய நோக்கம். மோதலில் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பது தனி ஆராய்ச்சியாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் 1954இல் ராக்கெட் பொருத்திய சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, ஒன்றரை நொடிக்குள் நிறுத்தப்பட்டார். கண்களில் ரத்தம் கட்டியது, ஆனால் உயிர் பிழைத்தார். வேகம் ஆளைக் கொல்வதில்லை, அந்த வேகம் எப்படி, எந்த எலும்பின் வழியாக நிற்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது என்பதற்கு அவர் உடம்பே சாட்சியானது.

இந்தப் பாடத்தைக் காருக்குள் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின். சாப் நிறுவனத்தில் விமானிகளைத் தூக்கியெறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்த சுவீடன் நாட்டுப் பொறியாளர். வோல்வோவில் சேர்ந்த பிறகு 1959இல் இன்று நாம் பார்க்கும் மூன்று முனைப் பட்டையை உருவாக்கினார். அதற்கு முன்பு இருந்தவற்றில் இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை வயிற்றை அறுத்தது, மார்பைக் குறுக்காக மட்டும் கட்டியது உடலை அடியில் வழுக்கவிட்டது. போலின் இரண்டையும் ஒரே பட்டையாக்கி, பூட்டை இடுப்பின் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தார், ஒரே கையால் மாட்டவும் வழி செய்தார். காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ திறந்துவிட்டது. 1967இல் சுவீடனில் நடந்த 28,000 விபத்துகளை அலசி அவர் வெளியிட்ட ஆய்வு, சட்டம் கேட்டவர்களின் கையில் முதல் பெரிய ஆதாரமானது.

பட்டையின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் போய் நின்ற லாரியில் மோதுவது ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நன்றாக வளர்ந்த நெட்டைத் தென்னையின் உச்சியிலிருந்து கால் தவறுவதாக வைத்துக்கொள்ளலாம். காரின் முன்பகுதி நசுங்கி நிற்கச் சில அடி தூரம் எடுத்துக்கொள்கிறது. பட்டை போட்டவர் வண்டியோடு சேர்ந்து அந்தத் தூரத்தில் நிற்கிறார். போடாதவர் வண்டி நின்ற பிறகும் அதே வேகத்தில் முன்னால் போய், ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ கண்ணாடியிலோ சில அங்குலத்துக்குள் நிற்கிறார்.

கட்டாயப்படுத்தும் உரிமை

பெல்ட்டைக் காரில் பொருத்தச் சொல்வதில் பெரிய சண்டை எழவில்லை, போடச் சொன்னபோதுதான் எழுந்தது. உலகில் முதன்முதலாக எல்லாருக்கும் பொருந்தும்படி அணிவதைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970 டிசம்பரில். அங்கே சட்டத்துக்குப் பின்னால் நின்றவர்கள் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களும் ஒரு நாளிதழும். முந்தைய ஆண்டு சாலையில் செத்தவர்களின் எண்ணிக்கையான 1,034ஐயே முழக்கமாக்கி, அதன்மேல் போர் தொடுப்போம் என்று மெல்பர்னின் 'தி சன்' பத்திரிகை இயக்கம் நடத்தியது.

அமெரிக்காவில் கதை வேறு. 1974 மாடல் கார்களில் முன்னிருக்கைப் பெல்ட் பூட்டாமல் எஞ்சின் கிளம்பாதபடி ஒரு தடை வைத்தார்கள். மக்கள் கொதித்தார்கள், அந்த ஆண்டே நாடாளுமன்றம் அந்த விதியை நீக்கியது. அணிவதை முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் நியூயார்க், அதுவும் 1984இல்தான். நியூ ஹாம்ப்ஷைர் மாநிலம் பெரியவர்களுக்கு இன்றுவரை அப்படிச் சட்டம் போடவில்லை. என் உடம்பு, என் ஆபத்து, இதில் அரசுக்கு என்ன வேலை என்பதுதான் எதிர்ப்பாளர்களின் வாதம். பிறருக்குத் தீங்கு வந்தால் மட்டுமே அரசு தலையிடலாம் என்ற ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கோட்பாடு அதன் வேர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் செலவு. அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதும் அறுவைச் சிகிச்சை செய்வதும் பொதுப்பணத்தில் நடக்கிறது என்பது. தமிழ்நாட்டில் இந்தப் பதிலுக்குக் கூடுதல் கனம் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் இந்த வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் புகைப்பது, அதிகமாகச் சாப்பிடுவது எல்லாமே அரசின் கட்டளைக்குள் வந்துவிடும். செலவை மட்டும் காட்டி உடம்பின் மேல் உரிமை கோருவது பலவீனமான வாதம் என்றே தோன்றுகிறது.

வலுவான பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 2002இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மசாவ் இச்சிகாவாவும் உடன் ஆய்வாளர்களும் ஜப்பானிய விபத்துப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர், பின்னால் இருப்பவர் போடாததால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்றது அது. காரணம் எளியது. பின்னால் இருப்பவரின் உடல் முன்னிருக்கையை அடித்து, அங்கே இருப்பவரை நசுக்குகிறது. இதைப் படித்த பிறகு 'என் ஆபத்து எனக்கு' என்ற வாதம் பின்னிருக்கையில் செல்லுபடியாகாது. மில்லின் அளவுகோலை வைத்தே பின்னிருக்கைப் பெல்ட்டைக் கட்டாயமாக்கலாம். உலக நாடுகளோ நேர்மாறாக, முன்னிருக்கைக்கு முதலிலும் பின்னிருக்கைக்குப் பல ஆண்டுகள் கழித்துமே சட்டம் போட்டன. பிரிட்டனில் முன்னிருக்கைக்கு 1983, பின்னிருக்கையில் அமரும் பெரியவர்களுக்கு 1991. நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன மலேசியாவில் முன்னிருக்கைக்கு 1979, பின்னிருக்கைக்கு 2009.

பாதுகாப்பு துணிச்சலைத் தருகிறதா

இரண்டாவது கேள்வியில் மிகக் கூர்மையான எதிர்க்குரல் பொருளாதாரத் துறையிலிருந்து வந்தது. 1975இல் சிகாகோவின் சாம் பெல்ட்ஸ்மன், வாகனப் பாதுகாப்பு விதிகளால் காருக்குள் சாவு குறைந்தாலும், பத்திரமாக உணரும் ஓட்டுநர் வேகம் கூட்டுவதால் வெளியே நடப்பவர்களின் சாவு அதை ஈடுசெய்துவிடுகிறது என்று வாதிட்டார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜான் ஆடம்ஸ் 1980களின் தொடக்கத்தில் பெல்ட் சட்டம் வந்த நாடுகளையும் வராத நாடுகளையும் ஒப்பிட்டு, சட்டத்தால் பலன் தெரியவில்லை என்றார். ஒவ்வொருவருக்கும் மனத்துக்குள் ஓர் ஆபத்து அளவு இருக்கிறது, ஒருபக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் திறந்து அந்த அளவுக்கே மனிதர் திரும்புவார் என்று கனடாவின் ஜெரால்ட் வைல்டு கோட்பாடாகவே எழுதினார்.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் சட்டம் வந்த பிறகு முன்னிருக்கையில் இருந்தவர்களின் சாவும் கடுங்காயமும் தெளிவாகக் குறைந்தன. அதே காலத்தில் நடப்போர், சைக்கிளோட்டிகளின் எண்ணிக்கையில் சற்றே ஏற்றம் தென்பட்டது என்பதை ஆண்ட்ரூ ஹார்வி, ஜேம்ஸ் டர்பின் ஆகியோரின் 1986 ஆய்வும் மறைக்கவில்லை. அதற்குப் பெல்ட்தான் காரணமா, வேறு எதுவுமா என்ற சர்ச்சை நீண்டகாலம் நடந்தது. பின்னர் 2003இல் அல்மா கோஹனும் லிரான் ஐனாவும் அமெரிக்க மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, பெல்ட் போட்டதால் ஓட்டுநர்கள் துணிச்சலாக ஓட்டியதற்குக் குறிப்பிடத்தக்க சான்று கிடைக்கவில்லை. சட்டத்தின் பலன் முன்பு கணக்கிட்டதைவிடக் குறைவு என்றும் அவர்கள் காட்டினார்கள்.

பலன் ஏன் எதிர்பார்த்ததைவிடக் குறைகிறது? லியனார்ட் எவன்ஸ் முன்வைத்த விளக்கம் நம்பத்தகுந்தது. சட்டம் வந்ததும் முதலில் பணிகிறவர்கள் ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவர்கள். குடித்துவிட்டு ஓட்டுபவரும் நள்ளிரவில் பறப்பவரும் கடைசியில்தான் பணிகிறார்கள், அல்லது பணிவதேயில்லை. அதாவது பெல்ட் போடுவோர் 40 விழுக்காட்டிலிருந்து 80 ஆனாலும் சாவு அதே விகிதத்தில் இறங்காது. மிக ஆபத்தானவர்கள் மீதமிருக்கும் 20 விழுக்காட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எவன்ஸின் விளக்கம் பெல்ட் பயனற்றது என்பதற்கு இடம் தரவில்லை, சட்டம் யாரை எட்டுகிறது என்று பார்க்கச் சொல்கிறது.

மோதல் நடந்துவிட்ட பிறகு பட்டை என்ன செய்கிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. காரின் முன்னிருக்கையில் மூன்று முனைப் பெல்ட் சாவின் வாய்ப்பை ஏறக்குறைய 45 விழுக்காடு குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனமும் முன்னிருக்கைக்கு இதையொட்டிய அளவைத்தான் தருகிறது, பின்னிருக்கைக்குச் சுமார் 25 விழுக்காடு என்கிறது.

இந்திய விதியும் அதன் ஓட்டைகளும்

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தால், 1994 முதல் முன்னிருக்கைப் பெல்ட் பொருத்துவது கட்டாயமானது. அணிவதைப் பற்றிப் பேசுவது விதி 138(3). பெல்ட் தரப்பட்டுள்ள வண்டியில் ஓட்டுநரும், முன்னால் இருப்பவரும், முன்னோக்கி அமைந்த பின்னிருக்கையில் இருப்பவர்களும் வண்டி ஓடும்போது அதை அணிய வேண்டும் என்கிறது. பின்னிருக்கைக்குச் சட்டம் இல்லை என்று நம்மில் பலர் நம்புகிறோம். சட்டம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது, கேட்பாரில்லாமல் கிடந்தது.

'முன்னோக்கி அமைந்த' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். பொலேரோ, சுமோ போன்ற வண்டிகளின் கடைசியில் எதிரெதிராகப் போட்ட இருக்கைகளில், காதுகுத்துக்கும் கெடாவெட்டுக்கும் போகிறபோது ஆறேழு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவது நம் பக்கத்தில் வழக்கம். அந்தப் பக்கவாட்டு இருக்கைகள் இந்த விதிக்குள் வரவில்லை. குடும்பத்துப் பிள்ளைகளைப் பெரும்பாலும் அங்கேதான் ஏற்றுகிறார்கள்.

பெல்ட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்த அபராதம், 2019 சட்டத் திருத்தத்தின் 194பி பிரிவால் 1,000 ரூபாயானது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காத ஓட்டுநருக்கும் அதே தொகை. தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கும் முன்னால் அமர்பவருக்கும் பெல்ட் நினைவூட்டும் ஒலி கட்டாயமானது. அந்த ஒலியை அடக்க, நாக்கு மட்டும் உள்ள போலிக் கொக்கி சந்தைக்கு வந்தது. பெல்ட் இல்லாமல் அதைப் பூட்டில் செருகிவிட்டால் கார் அமைதியாகிவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது, நீக்கப்பட்ட கொக்கி விளம்பரங்கள் 13,118. ஒலி எழுப்பும் விதி ஒருபுறம், ஒலியை நிறுத்தும் வியாபாரம் மறுபுறம் என்று இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. பூட்டில் நாக்கு செருகியிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் விதியை ஏமாற்ற ஒரு நாக்குத்துண்டே போதுமானதாக இருந்தது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் கார் மோதி டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று காவல்துறை கூறியது, இருவரும் இறந்தார்கள். கார் உயர்தரமானது, காற்றுப்பைகளும் இருந்தன. பின்னிருக்கையைப் பற்றி இந்தியாவில் பொதுப்பேச்சு தொடங்கியது அந்த நாளில்தான் என்று சொல்லலாம். காற்றுப்பை பெல்ட்டுக்கு மாற்று அல்ல, பெல்ட் பிடித்து நிறுத்திய உடலைத் தாங்கும் துணை. பெல்ட் இல்லாத உடல் பை விரியும்போது அதன்மேல் மிக நெருக்கமாகப் போய் விழுகிறது, அப்போது பையே காயப்படுத்தக்கூடும்.

அணிதல் என்பது எங்கே

சட்டப் புத்தகம், அபராதச் சீட்டு, நினைவூட்டும் ஒலி மூன்றுக்கும் பெல்ட் என்பது ஆம் அல்லது இல்லை. உடம்புக்கு அப்படியல்ல.

மூன்று முனைப் பட்டை தன் சுமையை இறக்க வேண்டிய இடங்கள் இரண்டு. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல், தொடை தொடங்கும் இடத்தை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவில் காறையெலும்பைக் கடந்து, மார்பின் குறுக்கே இறங்க வேண்டும். இடுப்பெலும்பும் காறையும் மார்புக்கூடும் சுமை தாங்கும். வயிறு தாங்காது. கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் ஏறியிருந்தால் மோதலில் அது குடலையும் மண்ணீரலையும் முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. 1962இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் காயத்தொகுதிக்குச் 'சீட் பெல்ட் நோய்க்குறி' என்று பெயரிட்டுவிட்டார்கள். வெளியே வயிற்றில் ஒரு சிவந்த கோடு மட்டும் தெரியும், உள்ளே குடல் கிழிந்திருக்கும். அப்படிக் கோடு விழுந்தவரை 'நல்லாத்தான் இருக்கார்' என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது.

நம் உடுப்பும் பழக்கமும் இந்த இடத்தில் நுழைகின்றன. மதுரை, மேலூர் வட்டாரத்து விவசாயிகளும் வியாபாரிகளும் வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுகிறார்கள், அதன் பையில் பணமும் செல்போனும் இருக்கும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை அதற்கு மேலே ஏறி உட்கார்ந்தால் இரண்டு தவறும் ஒன்றாக நடக்கின்றன: பட்டை வயிற்றுக்குப் போகிறது, அடியில் உள்ள போனின் விளிம்பில் விசை குவிகிறது. பச்சை பெல்ட்டைச் சற்று மேலே தள்ளி, சீட் பெல்ட்டை அதற்குக் கீழே தொடையை ஒட்டி இழுத்துவிட்டால் போதும். பட்டுச்சேலையின் முந்தானை கசங்கும் என்று மேல்பட்டையை அக்குளுக்கு அடியில் விடுவது இன்னொரு பழக்கம். அப்படி விட்டால் விசை காறையெலும்பை விட்டு மெல்லிய விலா எலும்புகளில் இறங்குகிறது, உடைந்த விலா நுரையீரலையோ கல்லீரலையோ குத்தக்கூடும். மேல்பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பூட்டை மட்டும் மாட்டுவதும் உண்டு. அப்படிச் செய்தால் 1950களின் இடுப்புப் பட்டைக்கே திரும்பிவிடுகிறோம்.

நீண்ட பயணத்தில் முன்னிருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு பெல்ட்டும் போட்டிருப்பவர் முழுப் பாதுகாப்பில் இருப்பதாக நினைக்கிறார். சாய்ந்த உடல் மோதலில் கீழ்ப்பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகிறது, பட்டை வயிற்றுக்கும், சில நேரம் கழுத்துக்கும் ஏறிவிடுகிறது. தளர்வும் கெடுதல்தான். உடலுக்கும் பட்டைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியை உடல் முழு வேகத்தில் கடந்த பிறகே பட்டை பிடிக்கும். கீழ்ப்பட்டையைப் பூட்டிவிட்டு மேல்பட்டையைத் தோள் பக்கமாக ஒருமுறை மேலே இழுத்துவிட்டால் தளர்வு போய்விடும். முறுக்கிக்கொண்ட பட்டை பட்டையாக இருப்பதில்லை, கயிறாகிவிடுகிறது. வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் மாட்டிக்கொள்கிறதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். அப்படி மாட்டிக்கொள்வதுதான் அதன் வேலை, மெதுவாக இழுத்தால் வரும்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடலாமா என்ற சந்தேகம் வீடுகளில் பலமாகவே இருக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்கள் தெளிவானவை: போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்று மேட்டுக்குக் கீழே இடுப்பெலும்பில், மேல்பட்டை மார்புகளுக்கு இடையே, வயிற்றுக்குப் பக்கவாட்டில். தாய் பிழைப்பதுதான் கருவுக்கும் முதல் பாதுகாப்பு.

குழந்தையின் கணக்கு மிகவும் கடுமையானது. முன்னிருக்கையில் அம்மா மடியில் பிள்ளை என்பது நம் கார்களில் அன்றாடக் காட்சி. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை தாயின் கைகளுக்கு 140 கிலோபோல் கனக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. அவர் பெல்ட் போடாமலும் இருந்தால், அவர் உடலே குழந்தையை டேஷ்போர்டில் நசுக்கும். தாயையும் பிள்ளையையும் ஒரே பெல்ட்டால் சுற்றுவதும் அதே ஆபத்துதான். பெரியவர்களின் உயரத்துக்கு வடிவமைத்த மேல்பட்டை சிறுவர்களின் கழுத்தில் உராய்கிறது. உராய்வதால் அவர்கள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். உயர்த்தும் இருக்கை அதற்காகத்தான் இருக்கிறது. சட்டம் அதைக் கேட்கிறது, ஆனால் நம் பக்கத்துக் கார்களில் அதைக் காண்பது அரிது. சட்டம் சொல்வதற்கும் வீடுகளில் நடப்பதற்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை என்று படுகிறது.

பின்னிருக்கைக்கு வருவோம். புதுக் கார் வாங்கியதும் இருக்கைகளுக்கு உறை போடுகிறோம். பல உறைகள் பின்னிருக்கைப் பூட்டுகளை அடியில் புதைத்துவிடுகின்றன. பிறகு யார் விரும்பினாலும் போட முடியாது. உறை தைத்துக் கொடுக்கும் கடையில் பூட்டுக்கு வழிவிட்டு வெட்டச் சொன்னால் செய்து தருவார்கள். இரண்டு நிமிட வேலை.

'மாட்டிக்கொள்வோமே' என்ற அச்சம்

பெல்ட் போட்டால் கார் தீப்பிடிக்கும்போதோ கால்வாயில் விழும்போதோ வெளியேற முடியாது என்பது பழைய அச்சம். பெரியாறு கால்வாயும் கண்மாய்களும் சாலையோரக் கிணறுகளும் உள்ள மேலூர்ப் பக்கத்தில் இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் தீயோ நீரோ சேர்ந்த விபத்துகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கிலும் முதல் மோதலில் நினைவிழக்காமல் இருப்பவர்தான் பூட்டை அழுத்தி வெளியே வர முடியும். நினைவைக் காப்பது பெல்ட். தூக்கியெறியப்பட்டால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு விபத்துப் பதிவுகளில் ஆதாரம் இல்லை. வெளியே வீசப்படுபவர்கள்தான் அதிகமாக இறக்கிறார்கள்.

பட்டையே இல்லாதவர்கள்

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டின் மொத்த இறப்புகளில் இருசக்கர வண்டியில் போனவர்கள் சுமார் 44 விழுக்காடு, நடந்து போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு.

இந்த எண்ணை இரு திசையிலும் தவறாகப் படிக்கலாம். அணியாமல் இறந்தவர்கள் எல்லாரும் அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று கொள்ள முடியாது. மேலே சொன்ன 25 முதல் 45 விழுக்காடு என்ற அளவை அப்படியே பொருத்தினால் ஆண்டுக்கு 4,000 முதல் 7,500 பேர் வரை என்று ஒரு தோராயம் கிடைக்கிறது. அந்த விழுக்காடுகள் வேறு நாட்டு வண்டிகளிலும் சாலைகளிலும் கண்டவை என்பதால் இதைத் தோராயம் என்பதற்குமேல் சொல்லத் துணிய முடியாது. ஆனாலும் மிகக் குறைந்த மதிப்பீட்டில்கூட ஒவ்வொரு நாளும் பத்துப் பேருக்கு மேல்.

பத்தில் ஒரு பங்குக்கு ஏன் இவ்வளவு சட்டமும் பேச்சும், மீதி ஒன்பது பங்கைக் கவனியுங்கள் என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மேலூரிலிருந்து காலையில் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் போகிறார்கள். அறுவடைக்கும் நடவுக்கும் போகும் பெண்கள் குட்டியானையின் பின்தட்டில் நின்றுகொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆளேற்றுவது குற்றம், ஆனால் அந்தப் பெண்களுக்கு வேறு வண்டி வருவதில்லை. அவர்களுக்குப் போட்டுக்கொள்ளப் பெல்ட்டும் இல்லை. கார் வைத்திருப்பவரின் தோளைப் பார்க்கும் சட்டம் குட்டியானையின் பின்தட்டைப் பார்க்கவில்லை என்றால், பாதுகாப்பு வசதி படைத்தவர்களின் சலுகையாகிவிடும். இதைப் பெல்ட் சட்டத்துக்கு எதிரான வாதமாகக் கொள்ளாமல், அதன் எல்லையைக் காட்டும் வாதமாகக் கொள்வதே சரி.

திறந்திருக்கும் கேள்விகள்

மோதலில் பட்டை காக்கிறது என்பது தீர்ந்த கேள்வி. துணிச்சல் ஈடுசெய்கிறது என்ற வாதம் சில இடங்களில் சிறிய அளவில் உண்மையாக இருக்கலாம். பட்டையின் பலனை அது அழித்துவிடுகிறது என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. கட்டாயப்படுத்தும் உரிமையைப் பொறுத்தவரை, ஓட்டுநர் தனியாகப் போகும் காரில் மில்லின் சீடர்களோடு இன்னும் விவாதிக்கலாம். காரில் இரண்டாவது ஆள் ஏறியவுடன் அந்த விவாதம் முடிந்துவிடுகிறது.

அமலாக்கத்தின் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. கண்ணாடி வழியாகத் தெரியும் முன்னிருக்கைத் தோள்பட்டையைக் கேமராவும் காவலரும் பார்க்கிறார்கள். செக்போஸ்ட் நெருங்கும்போது இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடந்ததும் விட்டுவிடும் பழக்கம் இந்தப் பார்வையிலிருந்துதான் பிறந்தது. 1,000 ரூபாய் அபராதம் தோளை மாற்றியிருக்கலாம், இடுப்பை மாற்றியதா? பக்கவாட்டு இருக்கைகளை விதிக்குள் கொண்டுவருவதா, அந்த இருக்கைகளையே நீக்குவதா? குழந்தை இருக்கையை வாங்க முடியாத குடும்பத்துக்குச் சட்டம் அபராதத்தைத் தவிர வேறென்ன தரப்போகிறது? ஓட்டுநர் உரிமத் தேர்வில் கைச்சைகையும் எட்டுப் போடுவதும் சோதிக்கப்படுகின்றன. கீழ்ப்பட்டை எந்த எலும்பில் இருக்க வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணும் முறை மாற வேண்டியிருக்கிறது. அமைச்சக அறிக்கை பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரை இரண்டாகப் பிரிக்கிறது: ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. அந்த 8,331 பேரில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை, தாயின் மடியில் இருந்தவர்கள் எத்தனை, எத்தனை பேரின் பூட்டு இருக்கை உறைக்கு அடியில் கிடந்தது என்பதற்கு அந்த அறிக்கையில் கட்டம் கிடையாது.